பழைய பொறியின் மூச்சு

தமிழ் படிப்பிக்கும் ஒருவன் மோட்டார்ச் சைக்கிளின் உறுப்பொன்றைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பைத் தரலாம். வியப்புக்கு இதில் இடமில்லை. பழையதொன்றைக் காப்பது எவ்வாறு என்னும் வினா, தமிழ் கற்போரை என்றும் விட்டு நீங்காத வினா. அவ்வினாவை ஏட்டுச் சுவடியிலே எதிர்கொண்டோர் உளர். இரும்பிலும் பித்தளையிலும் எதிர்கொள்வோரும் உளர். முன்னவரைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கின்றோம். பின்னவரைப் பற்றி நம் இலக்கியவுலகம் பேசியது மிகக் குறைவு.

அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட மோட்டார்ச் சைக்கிள்களைத் தேடியெடுத்து, பழுது நீக்கி, மீண்டும் வீதியிலே ஓடச் செய்வோர் உலகெங்கும் இருக்கின்றனர். இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு கழகம் 1946 இல் தோன்றிவிட்டது. இத்துறையில் இறங்கியோரை நெருங்கிக் கேட்டால் எல்லாரும் ஒரே செய்தியைத்தான் சொல்வர். வளைந்த சட்டத்தை நிமிர்த்திவிடலாம். துருவேறிய தாங்கியைச் சுரண்டி வர்ணம் பூசிவிடலாம். சில்லுக்கு ரயர் புதிதாக வாங்கிவிடலாம். ஆளை அலைக்கழிப்பது உள்ளங்கையில் அடங்கத்தக்க ஓர் உறுப்பு. அதன் பெயர் காபுரேற்றர். பழைய வண்டிக்கு ஏற்ற காபுரேற்றர் கிடைப்பது அரிது. கிடைத்தவற்றுள் பயன்படத்தக்கது எது எனத் தெரிவது அதனினும் அரிது. அந்தத் தெரிவைப் பற்றியதே இக்கட்டுரை.

மூச்சும் உணவும்

பெற்றோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே எரிகின்றது. அக்கலவைக்கும் அளவுண்டு. நிறையளவிலே ஒரு பங்கு பெற்றோலுக்குச் சற்றேறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிகுந்தால் பொறி சூடேறித் தடுமாறும். பெற்றோல் மிகுந்தால் கரும்புகை கக்கிச் சோம்பும். பொறிக்கு மூச்சையும் உணவையும் ஒரே வாயினால் அளந்து ஊட்டும் தாய் என்று காபுரேற்றரைச் சொல்லலாம்.

அது ஊட்டும் முறை எளியது. குழாயொன்றின் நடுப்பகுதி ஒடுங்கியிருந்தால் அவ்வொடுக்கத்திலே காற்று விரைந்து செல்லும்; விரைந்து செல்லுமிடத்தில் அதன் அமுக்கம் குறையும். பேர்ணூலி என்னும் அறிஞர் 1738 இல் வெளியிட்ட நூலும், வெந்தூரி என்பார் 1797 இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வுண்மையை நிலைநாட்டின. ஒடுக்கத்தின் நடுவே நுண்ணிய துளையுடைய பித்தளைக் குழலொன்றை வைத்து, அதன் மறுநுனியைப் பெற்றோலுள் ஆழ்த்திவிட்டால், வெளிக்காற்றின் அமுக்கம் பெற்றோலை மேலே தள்ளும். மேலே வந்த பெற்றோல் பூந்துளியாய்ச் சிதறிக் காற்றோடு கலக்கும். அந்நுண்டுளைக் குழலைக் கராச்சில் உள்ளோர் ஜெற் என்பர். பெற்றோலின் மட்டம் கூடாமலும் குறையாமலும் இருத்தற்பொருட்டு ஒரு சிற்றறை உண்டு. அதனுள் மிதக்கும் பித்தளை மிதவையானது, மட்டம் உயர்ந்தவுடன் ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும், தாழ்ந்தவுடன் திறக்கும்.

1885 இல் டெய்ம்லரும் மேபாக்கும் செருமனியிலே ஓட்டிக் காட்டிய முதல் வண்டியில், காற்று பெற்றோலின் மேற்பரப்பைத் தடவிச் சென்று ஆவியைக் கவர்ந்தது. துளையினின்று பெற்றோலைத் தெறிக்கச் செய்யும் முறை 1893 அளவில் வந்தது. செருமனியில் மேபாக்கும், அங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும் அதற்கு வழிகண்டனர். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இவ்வுறுப்பே மோட்டார் உலகை ஆண்டது.

அமால் என்னும் பெயர்

நம் நாட்டின் பழைய வீதிகளிலே ஓடிய பி.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரையம்ப், றோயல் என்பீல்ட் முதலிய பிரித்தானிய வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் 'அமால்' என்ற பெயர் பொறித்த காபுரேற்றரைக் காணலாம். மூன்று வெவ்வேறு நிறுவனங்கள் 1927 இல் ஒன்றிணைந்து அமைத்த நிறுவனம் அது. பேர்மிங்காம் நகரிலே அதன் தொழிற்சாலை இருந்தது. 'இணைக்கப்பட்டது' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதியே அமால் என்று நின்றுவிட்டது.

இவற்றுள் மூன்று தலைமுறைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். முதலாவது, மிதவையறை தனியே ஒரு பக்கத்தில் தொங்கும் பழைய வகை. இரண்டாவது, 1950களின் நடுப்பகுதியில் வந்த மொனோபுளொக்; இதில் மிதவையறையும் கலவையறையும் ஒரே வார்ப்பாக அமைந்தன. மூன்றாவது, 1967 இல் வந்த கொன்சென்ரிக். ஜெற்றைச் சூழ்ந்தவாறே மிதவையறை அமைந்தது. ஒரு வண்டிக்கு உரிய வகை எது, அதன் துளை எவ்வளவு, அதற்குரிய ஜெற் எண் யாது என்பவை கூட்டின் புறத்திலும் ஜெற்றின் தலையிலும் பொறிக்கப்பட்டிருக்கும். பிரதான ஜெற்றில் உள்ள எண், சோதனையின்போது ஒரு நிமிடத்தில் அத்துளை வழியே பாயும் எரிபொருளின் அளவைக் கன சென்ரிமீற்றரிலே குறிக்கின்றது. கல்வெட்டுப் படிப்போர் எழுத்தின் வடிவைக் கொண்டு காலத்தைத் துணிதல்போல, இவ்வெண்களைக் கொண்டு காபுரேற்றரின் குலத்தையும் வயதையும் துணிவர் இத்துறையார்.

அமால் காபுரேற்றரின் வேலை நான்கு வேளையாகப் பகுக்கப்பட்டிருப்பதை அறிந்தபோது யான் வியந்தேன். கைப்பிடியைச் சிறிதே முறுக்கும்போது, எட்டில் ஒரு பங்குவரை, பைலற் ஜெற் என்னும் சிறுதுளை ஊட்டும். எட்டிலொன்றிலிருந்து காற்பங்குவரை, ஏறியிறங்கும் உருளையின் அடிவாயில் உள்ள சரிவான வெட்டு ஆளும். அவ்வுருளைக்குக் கராச்சிலே ஸ்லைட் என்று பெயர். காற்பங்கிலிருந்து முக்காற்பங்குவரை, ஸ்லைட்டில் தொங்கும் கூம்பிய ஊசி ஆளும். அதற்குமேல் முழுத் திறப்புவரை பிரதான ஜெற் ஆளும். சீர்செய்யும்போது இவ்வரிசையிற் செல்லலாகாது. முதலிற் பிரதான ஜெற், அடுத்துப் பைலற், பின்பு ஸ்லைட்டின் வெட்டு, அதன்பின் ஊசி, ஈற்றில் மீண்டும் பைலற் என்பது அந்நிறுவனமே வகுத்த முறை. முறை பிறழ்ந்தால் ஒரு பகுதியின் குற்றம் மற்றொரு பகுதியின் குற்றமாகத் தோன்றி, செய்வோனை நாள் முழுதும் ஏமாற்றும்.

எது பயன்படும்?

பழைய காபுரேற்றர் ஒன்றைக் கையிலெடுத்தவுடன் அதன் பளபளப்பைப் பார்ப்போர் பலர். அறிந்தோர் அதனைக் கடைசியாகவே பார்ப்பர். எழுபதை அண்மிக்கும் பொறித்திருத்துநர் ஒருவர் எங்கள் பகுதியில் இருக்கின்றார். பாடசாலையை எட்டாம் வகுப்போடு விட்டவர். அவர் காபுரேற்றரைச் சோதிக்கும் முறையைப் பலமுறை அருகிருந்து கண்டிருக்கின்றேன்.

முதலாவதாகக் கூட்டைப் பார்ப்பார். அமால் கூடுகள் பெரும்பாலும் துத்தநாகக் கலப்புலோக வார்ப்புகள். துத்தநாகத்தோடு சிறிதளவு அலுமினியம் முதலியன சேர்ந்தது அவ்வுலோகம். அதில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும், ஆண்டுகள் பல கழிந்தபின் வார்ப்பு உள்ளுக்குள்ளே அரிக்கப்பட்டு, பருத்து, வெடித்து, உதிர்ந்து போகும். இது உலோகத்துக்கு வந்த தொழுநோய் போன்றது, மருந்தில்லை. நகத்தினால் தட்டி, ஒலியைக் கேட்டு, வெடிப்பின் கோடுகளை உருப்பெருக்குக் கண்ணாடியிற் பார்த்து, நோயுற்றதை உடனே ஒதுக்கிவிடுவார்.

இரண்டாவது, பொறியோடு பொருந்தும் முகத்தட்டு. இரு புரிகளையும் அளவுக்குமீறி இறுக்கியவர் கையில் அகப்பட்டதாயின், அத்தட்டு வில்போல் வளைந்திருக்கும். வளைந்த இடுக்கினால் வேண்டாக் காற்றுப் புகும். நேர்க்கோல் ஒன்றை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். இதற்கு மருந்துண்டு. தடித்த கண்ணாடியின்மேல் அரத்தாளை விரித்து, பொறுமையாகத் தேய்த்துச் சமனாக்கலாம்.

மூன்றாவது, ஸ்லைட். கூடும் மென்மையான உலோகம். பெரும்பாலான வண்டிகளில் ஸ்லைட்டும் அவ்வுலோகமே. பல்லாயிரம் முறை ஏறி இறங்கியதனால் இரண்டும் தேய்ந்து இடைவெளி தோன்றும். அசைத்தாற் கிலுகிலுக்கும். அவ்வாறாயின் பொறி நின்ற நிலையிலே அமைதியாக ஓடாது. கூட்டைக் கடைந்து செம்மையாக்கி, ஸ்லைட்டுக்குப் பித்தளையுறை அணிவிப்பது இதற்குரிய பரிகாரம். நல்ல கடைசற்காரர் கையிலேதான் அது கைகூடும்.

நான்காவது, ஊசி ஜெற். அதன் துளை ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கியதில் 106 கூறு என்றாற்போல அளக்கப்படுவது. ஊசி ஓயாது உராய்வதனால் ஒரு கூறு தேய்ந்தாலும் பெற்றோல் மிகுந்து பாயும். கண்ணுக்கோ யாதொரு குறையும் தெரியாது. எனவே பழைய ஊசி ஜெற்றை அவர் நம்புவதேயில்லை. ஜெற்றுகளின் அடைப்பை நீக்கும்போதும் இரும்புக் கம்பியை உள்ளே விடமாட்டார். தங்கூசி நூலையே விடுவார். இரும்பு பித்தளையைக் கீறி அளவைக் கெடுத்துவிடும்.

ஐந்தாவது, மிதவை. காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெற்றோல் புகுந்திருப்பது தெரியும். சுடுநீரில் அமிழ்த்தினால் ஓட்டையுள்ள இடத்தினின்று குமிழி எழும். உள்ளேயுள்ளதை முற்றாக வெளியேற்றிய பின்னரே ஈயம் பற்றவைத்தல் வேண்டும். அன்றேல் நெருப்பு உயிருக்கே உலை வைக்கும். பற்றவைக்கும் ஈயமும் கடுகளவாக இருத்தல் வேண்டும். கூடினால் மிதவை பாரமாகி, பெற்றோலின் மட்டம் உயர்ந்துவிடும்.

இவ்வைந்தும் தேறியபின் வண்டியிற் பொருத்தி ஓடவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். நுனி வெளிறியிருந்தாற் காற்று மிகை. கரிபடிந்திருந்தாற் பெற்றோல் மிகை. வறுத்த கோப்பித்தூளின் நிறம் இருந்தால் அளவு சரி. அளவுகருவி எதுவும் அவரிடத்தில் இல்லை. ஆனால் அவர் சொன்ன அளவு பிழைத்ததை யான் கண்டதில்லை.

மண்ணெண்ணெய்க் காலம்

இவ்வறிவு அவருக்கு எங்ஙனம் வாய்த்தது என்று கேட்டால் அவர் 1990களைச் சொல்வார். 1990 இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் யான் இளைஞன். மருந்துக்குப்பியிலே பெற்றோலைக் கண்ட தலைமுறை எங்களது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. அதுவும் எளிதிற் கிடைத்த பொருளன்று.

மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் ஆவியாவதில்லை. ஆகவே முதலிற் சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குக் கொடுத்துப் பொறியை எழுப்புவர். பொறி சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு, முட்டும் ஒலி எழுப்பிக்கொண்டு நகரும். இடைவழியில் நின்றுவிட்டால் மீண்டும் எழுப்புவதற்குப் பெற்றோல் வேண்டுமே என்ற அச்சத்தால், இறங்கி நின்று பேசும்போதும் பொறியை நிறுத்தாதோர் இருந்தனர். எரியாத மண்ணெண்ணெய் உள்ளே வடிந்து ஒயிலை நீர்த்துப்போகச் செய்தமையாற் பொறிகள் விரைவில் தேய்ந்தன. பெற்றோலுக்கென அளக்கப்பட்ட ஜெற்றிலே மண்ணெண்ணெய் அதே அளவிற் பாயாது. ஊசியை ஒரு படி ஏற்றியும் இறக்கியும், மிதவையின் மட்டத்தைத் திருத்தியும் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே மருத்துவம் பார்க்க வேண்டியிருந்தது. இங்கிலாந்திலே உழவு இயந்திரங்களைப் பெற்றோலில் எழுப்பிப் பின்பு மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓட்டும் வழக்கம் முன்பே இருந்தது. அங்கே அதற்கென வடிவமைத்த பொறி இருந்தது. இங்கே கைவினைஞரின் விரலும் செவியும் மட்டுமே இருந்தன.

பழைய பிரித்தானிய வண்டிகளுக்கு அக்காலத்தில் ஒரு மதிப்புப் பிறந்தது என்று அவர் சொல்வார். அமுக்க விகிதம் குறைந்த பொறி தாழ்ந்த எண்ணெயையும் பொறுத்துக்கொள்ளும். பி.எஸ்.ஏ. எம்.20 என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். 496 கன சென்ரிமீற்றர் பொறி; 13 குதிரைவலு; அமுக்க விகிதம் ஐந்துக்கும் சற்றுக் குறைவு. இரண்டாம் உலகப்போரிலே பிரித்தானியப் படைக்கெனப் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. வேகத்துக்கன்றிப் பொறுமைக்கே பேர்போனது. போர் முடிந்தபின் படையின் உபரி வண்டிகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன.

பின்னர் 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கீடு வந்தது. அவ்வேளையிலும் இளைஞர் பலர் இம்முதியவரைத் தேடி வந்தனர். ஒரு லீற்றரில் இன்னும் சில கிலோமீற்றர் ஓடச் செய்ய முடியுமா என்பதே அவர்கள் கேள்வி. காலம் நெருக்கும்போது மட்டும் நாம் பழைய அறிவின் வாசலைத் தட்டுகின்றோம்.

தேடும் இடங்கள்

இங்கிலாந்தின் பியூலி என்னும் ஊரில் 1967 முதல் பழைய மோட்டார் உறுப்புகளுக்கெனச் சந்தை கூடிவருகின்றது. துருப்பிடித்த சாமான்களை நிலத்திற் பரப்பி வைத்திருப்பர். தேடுவோர் குனிந்த தலை நிமிராது நடப்பர். அமால் பெயருக்கு உரிமைபெற்ற ஆங்கில நிறுவனமொன்று 2003 முதல் பழைய வகைகளையும் அவற்றின் உறுப்புகளையும் மீண்டும் செய்து விற்கின்றது. அந்நாட்டில் 2021 முதல் பெற்றோலில் எதனோல் பத்து விழுக்காடுவரை கலக்கப்படுவதால், பழைய காபுரேற்றர்களின் அடைப்புவளையங்களும் ஈயப்பற்றுகளும் புதிய சோதனைக்கு உள்ளாகியிருக்கின்றன.

நம் நாட்டிற் கொழும்புப் பஞ்சிகாவத்தை பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போனது. யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதிக் கடைகளையும், ஊர்தோறும் உள்ள பழைய இரும்புக்கடைகளையும் நாடவேண்டும். ஆனால் இங்கே பழையது அருகிப்போனதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. போர்க்காலத்திலும் 2009 இன் பின்னரும் கைவிடப்பட்ட வண்டிகள் வெயிலிலும் மழையிலும் குவிந்து கிடந்து, நிறைக்கு விற்கப்பட்டு உருக்காலைக்குச் சென்றன. நிறுத்து விற்பவனுக்குப் பி.எஸ்.ஏ. என்றும் பீப்பாத் தகடு என்றும் வேறுபாடு இல்லை.

கிடைப்பதிலும் போலிகள் உள. வடிவையும் எழுத்தையும் பார்த்து வார்த்துவிட்ட கூடுகளில் துளையின் அளவு தவறியிருக்கும், ஸ்லைட் பொருந்தாது. தோற்றம் பழையது, உள்ளம் பழையதன்று. வாங்குவோர் துளையளவையும் புரியையும் அளவுகோலால் அளந்து பார்த்தன்றிக் காசு கொடுத்தலாகாது.

மூலமும் திருத்தமும்

இரண்டாண்டுகளுக்கு முன்னர், வெளிநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய ஒருவர், தம் தந்தையாரின் எம்.20 வண்டியை இம்முதியவரிடம் கொண்டுவந்தார். தந்தையார் 1950களில் அப்போதிக்கரியாராக இருந்தவர். அவ்வண்டியிலேறி ஊரூராகச் சென்று நோயாளரைப் பார்த்தவர். 1995 ஒக்ரோபர் ஈற்றில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வண்டி வீட்டுக் கொட்டிலில் விடப்பட்டது. திரும்பிவந்தபோது கொட்டில் சரிந்து கிடந்தது. வண்டி அதன்கீழ்க் கிடந்தது. தந்தையார் அதனைத் திருத்த எண்ணியிருந்து, எண்ணம் நிறைவேறாமலே மறைந்துவிட்டார்.

முதியவர் காபுரேற்றரைக் கழற்றினார். கலவையறையின் கூடு முகத்தட்டு அருகே வெடித்திருந்தது. மிதவையறையோ உட்புறம் படிவேதுமின்றித் துப்புரவாக இருந்தது. அவர் அதனைச் சிறிது நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கடை அப்பா வீட்டுக்குக் கிட்ட வரேக்கை பெற்றோல் ரப்பைப் பூட்டிப்போட்டு, மிச்சத்தை எரியவிட்டுத்தான் நிப்பாட்டுறவரோ?" என்று கேட்டார். வந்தவர் திகைத்துப்போனார். வேலியோரத்திலே ரப்பைப் பூட்டிவிட்டு, பொறி தானாக அடங்கும்வரை தந்தையார் வண்டியின்மேல் அமர்ந்திருப்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. எஞ்சிய பெற்றோல் உலர்ந்து பிசினாகாமல் இருத்தற்கு அது வழி. ஏட்டின் ஓரத்து மையைக் கொண்டு எழுதியவன் வழக்கத்தை உணர்வார்போல, ஓர் அறையின் துப்புரவைக் கொண்டு மறைந்த ஒருவரின் பழக்கத்தை அவர் உணர்ந்துகொண்டார்.

"அண்ணை, முழுசாப் புதுசு ஒண்டு போட்டால் என்ன? காசு பிரச்சினை இல்லை" என்றார் வந்தவர்.

"போடலாம் தம்பி. ஓடும். ஆனா உங்கடை அப்பாவின்ரை கை பட்ட சாமானிலை பாவிக்கக்கூடியதை எல்லாம் பாவிச்சுப்போட்டு, மிச்சத்துக்குத்தான் புதுசைத் தேடவேணும்" என்றார் முதியவர். பின்பு என்னைப் பார்த்து, "மாஸ்ரர், ஓடுறது வேறை, அந்த வண்டி ஓடுறது வேறை" என்றார்.

தேடல் நான்கு மாதம் நடந்தது. பழைய இரும்புக்கடையிற் கிடைத்த ஒன்று உலோகநோயினாற் பருத்திருந்தது. பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த மற்றொன்றிற் கூடு நலம், ஸ்லைட் தேய்வு. அக்கூட்டைக் கடைந்து ஸ்லைட்டுக்குப் பித்தளையுறை இட்டனர். ஊசி ஜெற்றை இங்கிலாந்திலிருந்து புதிதாக வருவித்தனர். மிதவையறையும், மிதவையும், பிரதான ஜெற்றும் தந்தையாருடையவையே. பொருத்துமுன் முதியவர் ஒரு காரியம் செய்தார். புதிய பித்தளையுறையின் உட்புறத்தில், வெளிக்குத் தெரியாதவாறு, அவ்வாண்டைப் பொறித்தார். எதெது பழையது, எதெது மாற்றியது என்று ஒரு கொப்பியில் எழுதி உரியவரிடம் கொடுத்தார்.

காரணம் கேட்டேன். "பிறகு ஆராவது கழட்டிப் பாத்தால், நான் போட்டதைப் பழசு எண்டு நினைக்கக்கூடாது" என்றார்.

அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. நம் ஊராகிய சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் வீரசோழியத்தை 1881 இலும், கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தார். எடுத்தால் ஒடியும் ஏடுகளைத் தேடி அவர் அலைந்தது தமிழுலகம் அறிந்தது. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1904 இற் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. பாட்டியற்ற வல்லவரே ஆயினும், இல்லாத பத்துக்களை இயற்றி அவர் இட்டு நிரப்பவில்லை. எட்டுப் பத்துக்களே நம் கைக்கு வந்தன. உள்ளதை உள்ளவாறு காத்தல். சிதைந்ததைச் சிதைந்ததென்று சொல்லுதல். திருத்தியதைத் திருத்தியதென்று காட்டுதல் என்னும் மூன்றுமே பதிப்பாளனின் ஒழுக்கம். அவ்வொழுக்கத்தை நூல் எதுவும் படித்தறியாத ஒருவர் பித்தளையுறையின் உட்புறத்திலே எழுதிவைத்ததைக் கண்டேன்.

ஒரு வேறுபாடும் உண்டு. சிதைந்த பாட்டைச் சிதைந்தவாறே அச்சிடலாம், படிப்போர் பொறுத்துக்கொள்வர். சிதைந்த காபுரேற்றரைப் பொறி பொறுத்துக்கொள்வதில்லை. அது ஓடவேண்டும். ஆகவே பழையது என்பதற்காக எல்லாவற்றையும் வைத்திருப்பதும் தவறு. புதியது எளிது என்பதற்காக எல்லாவற்றையும் எறிவதும் தவறு. எதனை வைத்தல், எதனை மாற்றல் என்று துணிவதற்கு அளவுகோலும் வேண்டும், அன்பும் வேண்டும். அளவுகோல் மட்டும் உடையவன் வணிகன். அன்பு மட்டும் உடையவனிடம் வண்டி காட்சிப்பொருளாய் நின்றுவிடும்.

எழுதிவைக்க வேண்டியது

இனி வரும் வண்டிகளிற் காபுரேற்றர் இல்லை. இந்தியாவில் 2020 இல் நடைமுறைக்கு வந்த புகைக்கட்டுப்பாட்டு விதியின்பின் புதிய மோட்டார்ச் சைக்கிள்கள் கணினியின் ஆணைப்படி எரிபொருளைப் பீச்சும் முறைக்கு ஏறத்தாழ முற்றாக மாறிவிட்டன. மின்வண்டிகளுக்கு அதுவும் வேண்டா. இது வளர்ச்சியே, இதனை நொந்து பயனில்லை. புகை குறைவது குழந்தைகளின் மூச்சுக்கு நல்லது.

ஆயினும் ஒரு நூற்றாண்டுக்காலக் கைத்திறம் நம் கண்முன்னே அடங்குகின்றது. நம் கராச்சுகளில் உள்ள முதியோர் இத்துறைக்கெனத் தமக்குள்ளே சொற்களையும் உவமைகளையும் வழங்கி வருகின்றனர். கலவை மிகுந்த பொறியை எங்கள் முதியவர் 'செமியாக்குணம்' உடையது என்பார். காற்று மிகுந்ததை 'இளைப்புக்காரன்' என்பார். இவை அகராதியில் இப்பொருளில் ஏறாதவை. எழுதாக் கிளவிகளாகவே ஓரிருவர் நாவிலே நிற்கின்றன. அவர்களோடு இவையும் போய்விடும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் யான் சொல்ல விரும்புவது இதுவே. மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி கொடுக்கும்போது நிலாக்காட்சியையும் நதியின் வரலாற்றையும் ஒரு வாரம் ஒதுக்கிவிட்டு, அயலிலுள்ள பழைய கராச்சுக்கு ஒரு கொப்பியோடு அனுப்புங்கள். ஓர் உறுப்பை அங்கே எப்படி அழைக்கின்றனர், அது பழுதானால் எப்படி அறிகின்றனர், எதனை எறிகின்றனர், எதனை எடுத்து வைக்கின்றனர் என்று எழுதிவரச் சொல்லுங்கள். பௌதிகப் பாடத்தின் அமுக்கமும் வேகமும் அங்கே கையிற் படும். தமிழ்ப் பாடத்துக்கு அகராதியில் இல்லாத சொல் அங்கே கிடைக்கும்.

எழுதுமிடத்து ஒரு நெறியை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். கேட்ட சொல்லைக் கேட்டவாறே எழுதுக. விளங்காத இடத்தை விளங்கவில்லை என்று குறித்து, மீண்டும் சென்று கேட்க. தாமாக ஒன்றைச் சேர்த்தால், சேர்த்தது தாமே என்பதை ஓரத்திலே பொறித்து வைக்க.